பன்றிக்குட்டியோடு வழி தவறியவர்கள்

பசிபிக் சமுத்திரத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் நங்கூரம் போட்ட தீவுகளில் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். தோட்டம் போட்டு, கோழி வளர்த்து, சௌக்கியமாக இருந்தார்கள். வந்தவர்களுக்கு இது பெரிய தலைவலி. ‘ராஜா செலவில், இத்தனை கருவிகளோடு நாமே தட்டுத்தடுமாறி வந்திருக்கிறோம். இவர்கள் எப்படி வந்தார்கள்?’

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். 1769-ல் தாஹிதியில் ஜேம்ஸ் குக்கின் கப்பலில் ஏறிக்கொண்ட துபாயா சொல்லவும் செய்தார். ராயதேயா தீவுப் பூசாரி. எழுபதுக்கும் மேற்பட்ட தீவுகளை மனப்பாடமாக ஒப்பித்து வரைபடத்தில் ஏற்றினார். சுமார் 4,000 கிலோமீட்டர் தள்ளி நியூசிலாந்து வந்ததும் அங்கே குடியிருந்த மாவோரிகளிடம் தன் மொழியிலேயே பேச்சுக் கொடுத்தார், அவர்களுக்குப் புரிந்தது. மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது குக்குக்குத்தான்.

பூசாரி சொன்னால் ஆச்சா? 1947-ல் நார்வேக்காரர் தோர் ஹெயர்டால் கிளம்பினார். காற்று கிழக்கிலிருந்து அடிக்கிறது, ஆகவே தென் அமெரிக்காவிலிருந்துதான் ஆட்கள் வந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பால்சா கட்டைகளைப் பிணைத்து ‘கோன்-டிக்கி’ என்று பேர் வைத்து, ஐந்து சகாக்களையும் ஒரு கிளியையும் ஏற்றிக்கொண்டு பெருவிலிருந்து புறப்பட்டு, 101-வது நாள் ரரோயா பவளத்திட்டில் மோதிக் கரை ஏறினார். புத்தகம் சக்கைப்போடு போட்டது; படத்துக்கு ஆஸ்கர். ஆரம்பத்தில் பெரு கடற்படையின் இழுவைக் கப்பல் அந்தத் தெப்பத்தைச் சுமார் 80 கிலோமீட்டர் நடுக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டது. ஆதிகாலத்துப் பெருவாசிகளை யார் இழுத்துவிட்டார்கள் என்று கேட்கக் கூடாது.

1956-ல் ஆண்ட்ரூ ஷார்ப் என்பவர் வேறு ராகம் பாடினார். கரை தெரியாத கடலில் 300 மைலுக்கு மேல் திட்டமிட்டுப் போய்வரத் தீவுக்காரர்களால் முடியாது; புயல் அடித்தது, படகு திசைமாறியது, எங்கோ ஒதுங்கினார்கள், அவ்வளவுதான் என்றார். இருக்கட்டும். புயலில் மாட்டிய படகில் பெண்டாட்டி, பிள்ளைகள், பன்றிக்குட்டி, சேவல், பெட்டை, நாய், சேப்பங்கிழங்கு, வாழைக்கன்று, ஈரப்பலாக் கன்று எல்லாம் தயாராக இருந்தனவாம். இதற்குப் பெயர் விபத்தா, குடிபெயர்வதா?

1973-ல் ஆய்வாளர்கள் கணினிக்குள் ஒரு லட்சம் படகுகளைச் சும்மா மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். ஹவாய்க்கும் நியூசிலாந்துக்கும் அப்படிப் போய்ச் சேர வழியே இல்லை என்று தெரிந்தது. 1976-ல் மைக்ரோனேசியாவின் சதவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாலுக், ஹோகுலேயா என்ற இரட்டைப் படகை, நட்சத்திரத்தையும் அலையையும் மட்டும் பார்த்து ஹவாயிலிருந்து தாஹிதிக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். ஷார்ப் கட்சி டெபாசிட் இழந்தது.

எதிர்காற்றில் எவனாவது போவானா என்ற ஹெயர்டாலின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. விவரம் தெரிந்தவன் எதிர்காற்றில்தான் போவான். தீவு கிடைக்காவிட்டால், திரும்பும்போது காற்றே வீடுவரை தள்ளிக்கொண்டு வந்துவிடும். காற்றோடு போகிறவனுக்கு, கட்டுச்சோறு தீர்ந்த பிறகுதான் ஊர் ஞாபகம் வரும்.

தொல்லியல்காரர்கள் இவர்கள் யாரையும் நம்பாமல் குப்பையைக் கிளறினார்கள். புள்ளிப் புள்ளியாய் முத்திரை குத்திய லபிதா பானை ஓடுகள், நியூகினியை அடுத்த பிஸ்மார்க் தீவுகளிலிருந்து டோங்கா, சமோவா வரை கிடைத்தன. வழி மேற்கிலிருந்து கிழக்கு. டோங்காவின் நுகுலேகாவில் அகப்பட்ட பவள அரங்களை வைத்து, அங்கே ஆட்கள் குடியேறியது கி.மு. 888 வாக்கில், எட்டு வருஷம் முன்பின், என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். கிரகப்பிரவேசப் பத்திரிகை மட்டும்தான் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் ஒரே உட்காரல். காரணம் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அப்புறம் கி.பி. 1000-க்கும் 1300-க்கும் இடையில் ஹவாய், ஈஸ்டர் தீவு, நியூசிலாந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வளைத்துப்போட்டார்கள்.

நியூசிலாந்துக்குச் சாட்சி சொன்னது எலி. 1990-களில் சில எலி எலும்புகளுக்கு இரண்டாயிரம் வருஷ வயது என்று ஒரு கணக்கு வந்து பெரிய ரகளை. எலி அவ்வளவு தூரம் நீந்தாது. படகில்தான் வர வேண்டும். அப்படியானால் படகோட்டி எங்கே? ஒரு சட்டி, ஓர் அடுப்புக்கரி கூட இல்லையே? கடைசியில் சேற்று நிலங்களில் புதைந்திருந்த பழக்கொட்டைகளைப் பொறுக்கினார்கள். சில கொட்டைகளின் ஓட்டில் சின்ன ஓட்டை. அதன் விளிம்பு நெடுக இணை இணையாய்க் குறுகலான பல்தடம். பறவை கொத்தினால் இப்படி வராது. எலி கொறித்தால்தான் வரும். கொறிபட்ட கொட்டைகளில் மிகப் பழையது 1280 வாக்கில் என்று 2008-ல் முடிவு வந்தது. மனிதர்களின் அடுப்புக்கரியும் அதே காலத்தைத்தான் சொல்கிறது.

ஹெயர்டாலுக்கும் ஓர் ஆறுதல் பரிசு உண்டு. தென் அமெரிக்கச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, இந்தத் தீவுகள் அடங்கிய பாலினேசியாவில் விளைந்திருக்கிறது. இரு தரப்பு ரத்தமும் 1200 வாக்கில் கலந்திருப்பதாக 2020-ல் வந்த மரபணு ஆய்வும் சொல்கிறது. ஆனால் கடலைத் தாண்டிப் போய்வந்தவர்கள் பாலினேசியர்களாகவே இருக்க வேண்டும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஆட்கள் சந்தித்தது சரி. யார் வீட்டுக்கு யார் போனார்கள் என்பதில்தான் மனிதர் கோட்டைவிட்டார்.

பாலினேசியர்களை மகான்களாக்கவும் வேண்டாம். நியூசிலாந்தில் 200 கிலோவுக்கு மேல் எடைபோட்ட மோவா பறவைகளை ஒன்றிரண்டு நூற்றாண்டுக்குள் பூண்டோடு தின்று தீர்த்தார்கள்.

ஆனாலும் 1642-ல் நியூசிலாந்தைக் ‘கண்டுபிடித்தவர்’ ஏபெல் டாஸ்மன் என்றுதான் வெகுகாலம் பாடப்புத்தகம் எழுதினார்கள். அவர் போனபோது மாவோரிகள் அங்கே குறைந்தது பத்துத் தலைமுறையாகக் குடியிருந்தார்கள். அவர்கள் டாஸ்மனின் ஆட்கள் நால்வரைக் கொன்றதும் அவர் கப்பலைக் கிளப்பிவிட்டார். கடைசிவரை அந்த மண்ணில் அவர் கால் வைக்கவே இல்லை.