யாருக்கு அதிகாரம்?

கே: எங்கள் கலவைப் பேரூராட்சியில் தலைவர் இருக்கிறார், செயல் அலுவலர் இருக்கிறார். இருவரில் பெரியவர் யார்? தெருவிளக்கு எரியாவிட்டால் யாரைப் பிடிப்பது?
– வாசகர், கலவை

ப: நாற்காலியில் பெரியவர் தலைவர், கோப்பில் பெரியவர் செயல் அலுவலர். மன்றம் தீர்மானம் போடும். நடத்திக் காட்டவேண்டியது அரசு அனுப்பிய அலுவலர். வேலூர் 2008-இல் மாநகராட்சியானபோது இதே ஜோடி மேயர், ஆணையர் என்று பட்டுச்சட்டை போட்டுக்கொண்டது.

2011-இல் தலைவரை நீங்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தீர்கள். 2022-இல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். நடுவே இன்னொரு கூத்தும் உண்டு: 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்த பிறகு 2022 தொடக்கம் வரை கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்கள்தான் ஆண்டார்கள். தெருவில் நிறுத்தித் திட்டுவதற்குக்கூட ஆளில்லாத ஐந்து வருஷம்! ஆனால் சொத்துவரிக்கு மட்டும் விடுமுறை கிடைக்கவில்லை.

விளக்கு விஷயம்: பல்பு பேரூராட்சியுடையது, அதில் ஓடும் கரண்ட் மின்வாரியத்துடையது. ஒரு விளக்கு மட்டும் அணைந்தால் பேரூராட்சி. தெருவே இருண்டால் மின்வாரியம். எதற்கும் முதலில் உங்கள் வார்டு கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எழுதிக் கொடுத்து, மறக்காமல் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அது இல்லாத மனு, போஸ்ட் பண்ணாத கடிதம். அவர் வீட்டு வாசல் விளக்கு எரிகிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிட்டு வாருங்கள்.