ஓட்டை இருந்தால் திருப்பித் தரவும்

2012 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் ப்ளூம்ஃபொன்டெயின் நகரில் ஆளுங்கட்சியின் நூற்றாண்டு விழா. விடுதி, உணவகம், மதுக்கடை என்று எங்கும் அரசு இலவச ஆணுறைகளை வைத்திருந்தது. வந்த கூட்டத்தின் நலனில் அப்படியொரு தொலைநோக்கு. விழா முடிந்த கையோடு ‘ஒழுகுகிறது’ என்று புகார் கிளம்ப, மாகாண சுகாதாரத் துறை 13.5 லட்சம் ஆணுறைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

பிரேக் பிடிக்காத காரைத் திரும்பப் பெறலாம். இதை எப்படி? பிரிக்காத பெட்டிகள் வந்து சேரும். விழா உற்சாகத்தில் செலவானவை எந்த லாரியிலும் ஏறாது.

ஆய்வுக்கூடத்தில் கெடுபிடிக்கு ஒன்றும் குறைச்சலில்லை. பன்னாட்டுத் தரவிதிப்படி, வழக்கமான அளவுள்ள உறை குறைந்தது 18 லிட்டர் காற்றைத் தாங்கிய பிறகே வெடிக்கலாம். வேறொன்றில் 300 மில்லி தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, ஓட்டை தேடுவார்கள். இவ்வளவு பாடுபட்டுத் தேறிய உறைக்குக் கிடைப்பது குப்பைக்கூடை. அதன் பெயரால் சந்தைக்கு வருபவை அதன் உடன்பிறப்புகள்.

வீட்டில் ஊதிப் பார்க்கும் விஞ்ஞானிகள் தயவுசெய்து நிறுத்தவும். காலாவதித் தேதியைப் பார்த்தால் போதும். பின்பாக்கெட் பர்ஸில் மாதக்கணக்கில் வேகவைத்துவிட்டு, மேலுக்குத் தேங்காய் எண்ணெயும் தடவி ரப்பரை இளக்கிவிட்டு, கம்பெனியைத் திட்டுவது தனி ரகம்.

புகார் கொடுக்க உறையின் தொகுதி எண் வேண்டுமாம். அந்த நேரத்தில் விளக்கைப் போட்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடி, எண்ணைக் குறித்துவைத்த உத்தமர் யாராவது உண்டா?