பதுங்கும் புலியார்

இணையப் போக்கரில் ஒரு சென்ட், இரண்டு சென்ட் மேசைகளில் நிரந்தரக் குடியிருப்பாளர் பதுங்கும் புலியார். கையில் உருப்படியான சீட்டு வந்தால் மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பார். ஒன்றுமே வராதபோது கர்ஜிப்பார். இது ராஜதந்திரம் என்பது அவருடைய துணிபு. பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர். தம் கெட்டிக்காரத்தனத்தை அலுவலகத்தில் யாரும் கவனிப்பதில்லை என்ற குறை உள்ளவர். பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை இந்தியா 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டதால், அவரை இயல்பான சூழலில் பார்க்க இனி வெளிநாட்டு மேசைகளுக்குத்தான் போக வேண்டும். அங்கே அவருக்குத் தட்டுப்பாடே இல்லை.

ஆட்டத்தின் ஏற்பாடு எளியது. டெக்சாஸ் ஹோல்டமில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். நடுவில் ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொதுவாக விழும்: ஃப்ளாப் என்று மூன்று, டர்ன் என்று ஒன்று, ரிவர் என்று ஒன்று. ஏழில் நல்ல ஐந்தைச் சேர்த்தவருக்குப் பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், கட்டியதை ஏற்றலாம், அடுத்தவர் கட்டியதற்குச் சமமாக வைத்து ‘கால்’ சொல்லலாம், ‘செக்’ என்று சும்மா தள்ளலாம், சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். ஒரு சென்ட்டும் இரண்டு சென்ட்டும் சீட்டு பார்க்குமுன்பே இருவர் கட்டாயமாக வைக்கிற தொகை. இந்த மேசையில் இரண்டு டாலரோடு உட்கார்ந்தால் முழுச் சரக்கோடு உட்கார்ந்ததாகக் கணக்கு.

புலியாருடைய சித்தாந்தம் லாஸ் வேகாஸிலிருந்து வந்தது. 1988 உலகப் போக்கர் தொடரின் இறுதி ஆட்டத்தில் ஜானி சான், ஃப்ளாப்பிலேயே வரிசை சேர்ந்துவிட்டதைக் கடைசிவரை மறைத்து, எரிக் சைடல் தம் பணம் முழுவதையும் தாமாகவே நடுவில் தள்ளும்படி செய்தார். 1998இல் வந்த ‘ரவுண்டர்ஸ்’ படம் அந்த ஆட்டத்தைத் திரையில் காட்டி உலகெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. புலியார் அதைப் பலமுறை பார்த்தவர். எதிரே ஒரே ஒரு ஆள் இருந்ததும், அந்த ஆள் சானின் ஒவ்வொரு அசைவையும் எடைபோடத் தெரிந்தவர் என்பதும், பரிசு 7,00,000 டாலர் என்பதும் அவர் மனத்தில் தங்கவில்லை. பதுங்கியது மட்டும் தங்கிவிட்டது.

இரண்டு சென்ட் மேசையில் சைடல்கள் உட்காருவதில்லை. அங்கே உட்காருபவர் விடாக்கண்டர். அவர் ஒரு கண்ணால் கால்பந்து பார்ப்பார், ஒரு கையால் நூடுல்ஸ் கிளறுவார், மிச்சமிருக்கும் விரலால் ‘கால்’ பொத்தானை அழுத்துவார். எதிராளி ஏன் ஏற்றினார், ஏன் ஏற்றவில்லை என்ற ஆராய்ச்சியெல்லாம் அவரிடம் கிடையாது. தம் சீட்டு ஏதாவது ஒன்றோடு ஜோடி சேர்ந்திருக்கிறதா, அவ்வளவுதான் விசாரணை. சேர்ந்திருந்தால் இரண்டு டாலரும் போகும்வரை விடமாட்டார். இப்படிப்பட்டவரிடம் நல்ல சீட்டை ஒளித்துவைப்பதற்கு அவசியமே இல்லை. அவர் பார்க்கவே இல்லை.

ஒரு ஆட்டத்தை நெருங்கிப் பார்க்கலாம். புலியாருக்கு இஸ்பேட் ஏஸ், ஆட்டின் ஏஸ். இதைவிட உயர்ந்த தொடக்கம் இந்த ஆட்டத்தில் இல்லை. எட்டு சென்ட்டுக்கு ஏற்ற வேண்டிய இடத்தில் அவர் பூனைபோல் இரண்டு சென்ட்டை மட்டும் வைக்கிறார். வாசல் திறந்திருப்பதைக் கண்டு மேலும் இருவர் நுழைகிறார்கள். கட்டாயத் தொகை வைத்த இருவரும் தங்குகிறார்கள். ஆக ஐந்து பேர், நடுவில் பத்து சென்ட். கிளாவர் 9, கிளாவர் 6, டைமன் 2 விழுகின்றன. எல்லாரும் செக். புலியாரும் செக் சொல்லிவிட்டு உள்ளுக்குள் சிரிக்கிறார். அடுத்து டைமன் 5. இரண்டு சென்ட் கட்டாயத்தால் மட்டுமே உள்ளே இருந்த விடாக்கண்டரிடம் 9ஐயும் 5ஐயும் சேர்ந்த, யாரும் சீந்தாத சீட்டு. இப்போது அது இரண்டு ஜோடி. அவர் ஆறு சென்ட் கட்டுகிறார். மற்றவர்கள் ஒதுங்குகிறார்கள். புலியார் வெறுமனே ஆறு சென்ட்டை வைத்து, பதுங்கலை இன்னொரு படி ஆழப்படுத்துகிறார். கடைசியில் இஸ்பேட் ராஜா. விடாக்கண்டர் பதினைந்து சென்ட் கட்ட, பாயும் நேரம் வந்துவிட்டது என்று புலியார் மிச்சப் பணம் அத்தனையையும் தள்ளுகிறார். விடாக்கண்டர் நூடுல்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் ‘கால்’ அழுத்துகிறார். இரண்டு டாலர் காலி.

ஏஸ் ஜோடிக்கு எதிரே கண்டபடி சீட்டு வைத்த ஒரு ஆள் இருந்தால், நூற்றுக்கு 85 முறை ஏஸ் வெல்லும். அப்படி நான்கு பேர் கடைசிவரை இருந்தால் அது ஏறக்குறைய 56ஆக இறங்கிவிடும். எட்டு சென்ட் கேட்டிருந்தால் அந்த 9ம் 5ம் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்காமல் பணம் கட்டி வந்திருந்தால் இன்னும் விசேஷம்; ஃப்ளாப்பில் ஒற்றை 9 ஜோடியோடு பணம் போட்டுக்கொண்டே வருபவர் ஐந்தில் நான்கு முறை ஏஸிடம் தோற்பார். ஐந்தாவது முறை ஜெயிக்கத்தான் செய்வார். அந்த ஆசை இல்லாவிட்டால் அவர் மறுநாள் ஏன் வருகிறார்?

இன்னொரு கணக்கும் புலியாருக்குப் பிடிபடுவதில்லை. பணம் படிப்படியாகத்தான் பெருகும். ஒரு படியைத் தவறவிட்டால் மேற்படிக்குத் தாவ முடியாது. முதலிலேயே எட்டு சென்ட்டுக்கு ஏற்றி, கட்டாயத் தொகை வைத்த இருவரும் கூட வந்தால் நடுவில் 24 சென்ட். ஃப்ளாப்பில் 20 கட்டி ஒருவர் ஒட்டிக்கொண்டால் 64. டர்னில் 50 கட்டினால் 164. கையில் மிச்சம் 122. ரிவரில் அதைத் தள்ளினால் யாருக்கும் உறுத்தாது. இரண்டு படி சும்மா இருந்துவிட்டால் நடுவில் அதே பத்து சென்ட்தான் கிடக்கும். அதன் எதிரே திடீரென்று 190 சென்ட்டைத் தள்ளினால், நிஜமாகவே நல்ல சீட்டு வைத்திருப்பவரைத் தவிர வேறு யார் ஏற்பார்கள்?

கையில் ஒன்றும் இல்லாதபோது புலியாரின் போக்கு நேர்மாறு. விடாக்கண்டரை மிரட்டி விரட்டப் பெருந்தொகை கட்டுவார். விடாக்கண்டர் ஒற்றை 3 ஜோடியை வைத்துக்கொண்டு பேசாமல் ஏற்றுக்கொள்வார். உடனே அரட்டைப் பெட்டியில் புலியார் “இதை வைத்துக்கொண்டா வந்தாய்?” என்று வெடிப்பார். பதில் வராது. அடுத்த படியாக அவர் எடுக்கும் முடிவு உலகம் முழுக்க ஒன்றேதான்: பெரிய தொகை மேசைக்கு மாறிவிட வேண்டும், அங்கேதான் ஏற்றினால் மரியாதை கொடுப்பார்கள்.

அதே மேசையில் சத்தமில்லாமல் ஜெயித்துக்கொண்டிருப்பவர் வேறு ரகம். நல்ல சீட்டு வந்தால் ஏற்றுவார், மறுபடி கட்டுவார், மறுபடி கட்டுவார், வராவிட்டால் ஒதுங்குவார். பொய் சொல்வது மிக அபூர்வம். எட்டு மேசையை ஒரே திரையில் அடுக்கிவைத்து, ரசீதுக்கு முத்திரை குத்தும் குமாஸ்தாவின் முகத்தோடு ஆடுவார். நூறு ஆட்டத்துக்குப் பத்து சென்ட் நின்றால் அவருக்கு நல்ல நாள். அவரைப் பற்றி யாரும் படம் எடுக்கமாட்டார்கள். எடுத்தாலும் இடைவேளைக்குமுன் அரங்கம் காலியாகிவிடும்.

பதுங்குவது எப்போதும் பிசகு என்று சொல்லிவிட முடியாது. நான்கு ஏஸும் சேர்ந்து எதிராளியிடம் ஒன்றுமே மிச்சமில்லாதபோதும், எதிரே உட்கார்ந்திருப்பவர் தாமே விழுந்து விழுந்து பணம் கட்டுகிற ஆளாக இருந்தாலும், சும்மா இருப்பது லாபம். இரண்டும் அரிது.

புலியார் திருந்துவதும் உண்டு. இரண்டு மூன்று டாலர் போனபிறகு ஒரு நாள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு ஏஸ் ஜோடியை எட்டு சென்ட்டுக்கு ஏற்றுவார். அன்றைக்கென்று பார்த்து மேசை முழுக்க ஒதுங்கிவிடும், விடாக்கண்டர்கூட. கட்டாயத் தொகை மூன்று சென்ட் அவர் கணக்கில் வந்து சேரும். ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும். ஒரே மேசையில் ஆடுபவருக்கு அது ஏறக்குறைய மூன்று மணி நேரக் காத்திருப்பு. அத்தனை நேரம் காத்திருந்து கிடைத்ததை மூன்று சென்ட்டுக்கு விற்றுவிட்டோமே என்ற துக்கம் அவரை வாட்டும். அடுத்த ஏஸ் ஜோடிக்கு மறுபடியும் இரண்டே சென்ட்தான் வைப்பார்.