கறந்து பார்க்காத சந்தை

டொராண்டோ
பிப்ரவரி 2026

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். குளிர் எங்களைவிட நலம். ‘டீல் அட்வைசரி’ என்பது என்ன உத்தியோகம், அதற்கு எதற்கு இத்தனை ரவுண்டு இன்டர்வியூ, நம் ஊர் ஆடிட்டர் பிள்ளைகளை அங்கே ஏன் லேசில் எடுக்க மாட்டேனென்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். மூன்று கேள்விக்கும் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

சந்தைக்குப் போகிறவர் தரகரை எதற்குக் கூட்டிப் போகிறார்? பல்லைப் பிடித்து வயசு பார்க்க, சுழி பார்க்க, எல்லாவற்றுக்கும் மேலாக மடியைப் பார்க்க. விற்கிறவர் விடிகாலையில் கறக்காமல், பாலைக் கட்டி ஓட்டி வந்திருப்பார். மடி குடம் போல நிற்கும். விவரமானவர் ‘மூணு வேளை கறந்து பார்த்துட்டுச் சொல்றனுங்க’ என்பார். டீல் அட்வைசரி என்பது அந்த மூன்று வேளைக் கறவைதான். கம்பெனியை விற்க நினைப்பவர் சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பணம் தராமல் இழுத்தடித்து பேங்க் இருப்பை ஊத வைத்திருப்பார். கணக்கு எழுதும் சம்சாரத்துக்குச் சம்பளம் போட்டிருக்க மாட்டார். லாபம் கொழுகொழுவென்று தெரியும். வாங்குகிறவர் நாளைக்கு அந்த நாற்காலிக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டுமே! இப்படிக் கழித்துக் கூட்டி நிஜக் கறவை எத்தனை லிட்டர் என்று சொல்வதற்கு ‘குவாலிட்டி ஆஃப் எர்னிங்ஸ்’ என்று பெயர். அந்தப் பெயருக்கே தனி ஃபீஸ் கேட்கலாம்.

இந்தச் சந்தை கூடும் இடம் டொராண்டோவின் பே ஸ்ட்ரீட். அங்கே ராயல் பேங்க் பிளாசா என்று ஒரு கட்டடம். ஜன்னல் கண்ணாடிகளுக்கு 2,500 அவுன்ஸ் தங்கம் பூசியிருக்கிறார்கள். நம் கணக்கில் ஒன்பதாயிரம் பவுனுக்கு மேல், அத்தனையும் வெயிலை மறைக்க! அந்த ராயல் பேங்க் 2024 மார்ச்சில் எச்.எஸ்.பி.சி.யின் கனடா வங்கியை 1,350 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. அவ்வளவு பணம் மேசை நாற்காலிக்கா? வாடிக்கையாளர்கள், அவர்கள் வைத்த நம்பிக்கை, பழகிய கைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். கண்ணுக்குத் தெரியாததற்கும் ‘குட்வில்’ என்று பெயர் வைத்து விலை போடத் தெரிந்த தெரு அது. அதே தெரு, சென்னையில் பத்து வருஷம் கம்பெனிகளைக் கறந்து பார்த்தவரின் அனுபவத்துக்கு மட்டும் பூஜ்யம் போடுகிறது. ‘கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ்’ இல்லையாம். கம்பெனியை வாங்கும்போது மூன்று வேளை கறப்பவர்கள், ஆளை எடுக்கும்போது கழுத்துக் கயிற்றைப் பார்த்து விலை பேசுகிறார்கள் என்பதுதான் என் வாதம்.

வயிற்றெரிச்சலில் சொல்வதாக நினைக்க வேண்டாம். பிலிப் ஒரியோபோலஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர், டொராண்டோ வேலை விளம்பரங்களுக்கு ஆயிரக்கணக்கில் கற்பனை பயோடேட்டாக்களை அனுப்பி, 2011-ல் முடிவை வெளியிட்டார். படிப்பும் அனுபவமும் ஒன்றாகவே இருந்தாலும், இந்திய, சீன, பாகிஸ்தானியப் பெயர்களைவிட ஆங்கிலப் பெயருக்கு ஏறத்தாழ 40 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. அனுபவமும் வெளிநாட்டில் பெற்றது என்றால் அழைப்பு இன்னும் குறைந்தது. கனடா அனுபவத்தைக் கட்டாயமாகக் கேட்பது முதல் பார்வையிலேயே பாகுபாடுதான் என்று டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் மனித உரிமை ஆணையம் 2013-ல் கொள்கையாகவே அறிவித்தது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்கள் பொது விளம்பரத்தில் அதைக் கேட்கவே கூடாது என்ற சட்டம் இந்த ஜனவரி 1-ல்தான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இல்லாத நோய்க்கு யாரும் மருந்து காய்ச்ச மாட்டார்கள்.

‘உள்ளூர்ச் சட்டமும் வரியும் தெரிய வேண்டாமா?’ என்பீர்கள். நியாயம்தான். இந்த இன்டர்வியூக்களில் அலுக்காமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: ‘தேய்மானம் 10 டாலர் கூடினால் கையிருப்பு என்ன ஆகும்?’ பாடப் புத்தக விடை: லாபம் குறையும், வரியும் குறையும், ஒன்டாரியோவின் 26.5 சதவீத வரியில் 2.65 டாலர் மிச்சம், கையிருப்பு அந்த அளவு கூடும். விவரமானவர் அதோடு நிறுத்த மாட்டார். ‘கனடாவில் கம்பெனிப் புத்தகத்துத் தேய்மானம் வரிக்குச் செல்லாது, அதற்கு அரசாங்கத்தின் விகிதம் தனி, ஆகவே ரொக்கம் அசையாது’ என்பார். இதுதான் உள்ளூர் ஞானம். ஆனால் நம் ஊரிலும் இதே கதைதானே? கம்பெனிச் சட்டத்துக்கு ஒரு தேய்மானம், வருமான வரிக்கு ஒரு தேய்மானம் என்று இரண்டும் எழுதி எழுதித்தான் நம் ஆடிட்டர் ஆபீஸ் ஆர்டிகிள் பையன்கள் தேய்கிறார்கள். பங்குச் சந்தைக் கம்பெனிகளுக்காகக் கனடா 2011-ல் எடுத்துக்கொண்ட ஐ.எஃப்.ஆர்.எஸ். கணக்கு முறையை ஒட்டியதுதான் இந்தியாவில் 2016 முதல் நடக்கும் இன்ட்-ஏ.எஸ். மாறுவது விகிதமும் படிவத்தின் பெயரும்; சில மாதத்தில் படித்துவிடலாம். குடம் போன்ற மடியைப் பார்த்ததும் சந்தேகப்படுகிற கண்ணுக்குத்தான் வருஷக்கணக்கு ஆகும்.

‘வாடிக்கையாளரிடம் பேச மொழி வேண்டாமா?’ என்பது அடுத்தது. ஒரியோபோலஸின் ஆய்வில், ஆள் எடுப்பவர்களும் மொழியைத்தான் காரணம் காட்டினார்கள். மொழிப் புலமையைப் பயோடேட்டாவில் எழுதி வைத்தும் பலனில்லை. பல்லைக் காட்டினாலும் பார்க்க மாட்டேனென்பவரிடம் மாடு என்ன செய்யும்? ‘தப்பான ஆளை எடுத்தால் நஷ்டம் யாருக்கு?’ என்பதுதான் கனமான ஆட்சேபம். லிட்டர் கணக்கு பிசகினால் கோடிகள் போகும், வழக்கு வரும். ஒரு படி கீழே வேலையைத் தொடங்கச் சொன்னால் அதில் தப்பில்லை. தள்ளுபடி நியாயம், பூஜ்யம் அநியாயம். கம்பெனி வியாபாரத்தில் சந்தேகம் இருந்தால் பேரத்தை முறிக்க மாட்டார்கள். விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, கறவை நிரூபணமான பிறகு கொடுப்பார்கள். அதற்கு ‘எர்ன்-அவுட்’ என்று பெயர். ஆள் விஷயத்தில் ஒன்டாரியோ சட்டமே அந்த வசதியைத் தருகிறது: முதல் மூன்று மாதத்துக்குள் நோட்டீஸ் இல்லாமல் அனுப்பிவிடலாம். மூன்று வேளைக்குப் பதில் மூன்று மாதம் கறந்து பார்க்கலாம்!

நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஐந்து பேர் குழுவில் ஐந்தாவது ஆளாக எக்செல் நிரப்பியதை ‘தலைமை தாங்கி நடத்தினேன்’ என்று எழுதுவதும் பால் கட்டுகிற வித்தைதான். சூழல், பணி, செயல், விளைவு என்று நாலு கட்டத்தில் மனப்பாடம் செய்த பதில்களைக் கேட்டால் எந்தத் தரகருக்கும் சந்தேகம் வரும். வரட்டும். சந்தேகம் வந்தால் செம்பை எடுத்துக்கொண்டு குந்த வேண்டும். ‘இந்த மாடு எந்த ஊர்?’ என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவதற்குப் பரிசோதனை என்றா பெயர்?

ஒரு நல்ல சேதியும் உண்டு. பெரும்பாலான வேலைகளுக்குச் சம்பளத்தை விளம்பரத்திலேயே போட வேண்டும், இன்டர்வியூ முடிந்த 45 நாளுக்குள் முடிவான விவரத்தைச் சொல்ல வேண்டும் என்றும் ஜனவரியில் விதி வந்திருக்கிறது. துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசிய விலை இப்போது வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. துண்டை விலக்கச் சட்டத்தால் முடியும். கறந்து பார்க்கச் சொல்ல முடியாது. ஆகவே, இங்கே வர நினைக்கும் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள்: எந்தக் கணக்கில் எதைப் பார்த்துச் சந்தேகப்பட்டான், எத்தனை லிட்டர் குறைத்தான் என்பதை எண்ணோடு சொல்லப் பழகிக்கொண்டு வரட்டும். செம்பையும் அவனே கொண்டுவந்துவிட்டால் தரகருக்குச் சாக்கு ஒன்று குறையும்.

சித்திக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மகன் முறையான்