முப்பத்தேழாம் வாய்ப்பாடு

பள்ளிக்கூடத்தில் பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு மேல் எனக்கு ஏறியதில்லை. ஆனால் சிங்கப்பூரில் இறங்கிய முதல் வாரத்திலேயே முப்பத்தேழாம் வாய்ப்பாடு தலைகீழ்ப் பாடம். 2011-ல் ஒரு வெள்ளி ஏறக்குறைய முப்பத்தேழு ரூபாய். டாலரை அங்கே நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.

அலுவலகத்துக்குக் கீழே உணவங்காடி. டீ ஒரு வெள்ளி. அதாவது முப்பத்தேழு ரூபாய். எங்கள் ஊர் ஆவடியில், ஸ்டேஷன் வாசலில் அப்போது டீ ஆறு ரூபாய். ஆறு பேர் குடிக்கிற டீயை நான் ஒருவன் குடிப்பதா என்று மாடிக்குத் திரும்பி, ஆபீஸ் மெஷினில் சும்மா வந்த வெந்நீரைக் குடித்தேன். ஏழெட்டு மாதம் அப்படியே ஓடியது. சம்பளமும் வெள்ளியில்தானே வருகிறது, அதையும் பெருக்கினால் என்ன என்று கேட்பீர்கள். பெருக்கினேனே! சம்பளம் வந்த அன்று மட்டும் பெருக்கி, வந்த தொகையை அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். எச்.வி.எஃப். தொழிற்சாலையில் முப்பது வருஷம் டாங்கி செய்து ஓய்வு பெற்றவர். “அவ்ளோ வருதுன்னா ஒரு டீ குடிச்சித் தொலையேன்டா” என்றார்.

அடுத்தது முடி. அங்கே சலூனில் பத்து வெள்ளி, இங்கே ஐம்பது ரூபாய். ஆகவே முடிவெட்டை ஆவடிக்கென்றே ஒதுக்கி வைத்தேன். ஊருக்கு வந்ததோ வருஷத்துக்கு இரண்டு தடவை. நடுவில் வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்கப் படம் எடுக்க வேண்டி வந்தது. அந்தப் படத்தில் நான் எண்பதுகளின் சினிமாவில் கதாநாயகனின் தம்பி மாதிரி இருப்பேன். அடுத்த இரண்டு வருஷம் கேட்ட இடத்திலெல்லாம் அதைத்தான் நீட்டினேன்.

பெட்டியில் பொன்னி அரிசி கட்டிக்கொண்டு போன கதையும் உண்டு. எடை கூடிவிட்டது என்று விமான நிலையத்தில் நான் கட்டிய பணத்துக்குச் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் இரண்டு மூட்டை வாங்கியிருக்கலாம். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

வேடிக்கை என்னவென்றால் வாய்ப்பாடு ஓர் இடத்தில் நிற்கவில்லை. 2013 ஆகஸ்டில் ரூபாய் சரிந்து வெள்ளி ஐம்பதைத் தாண்டியது. ஊருக்குப் பணம் அனுப்ப சிராங்கூன் சாலையில் வரிசையில் நின்றபோது எனக்கு தீபாவளி. அனுப்பிவிட்டு எதிர்க் கடையில் தோசை விலையைப் பார்த்தபோது இழவு. தோசை விலை பத்து காசுகூட ஏறவில்லை, என் பெருக்கலில் மட்டும் ஏறியிருந்தது. ஒரே நாளில் ஒரே காரணத்துக்காகச் சிரித்து அழுத ஆள் அந்தச் சாலையில் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

இதற்கெல்லாம் படித்தவர்கள் வைத்திருக்கும் வழி எனக்குப் பிறகு தெரியவந்தது. லண்டனின் எகானமிஸ்ட் பத்திரிகை 1986-லிருந்து நாட்டுக்கு நாடு மெக்டொனால்ட்ஸ் பர்கர் விலையை ஒப்பிட்டு, எந்த நாணயத்தின் மதிப்பு கூடுதல், எது குறைவு என்று சொல்லி வருகிறது. அந்தக் கடை நம் ஊரில் மாட்டிறைச்சி பர்கர் விற்பதில்லை என்பதால் இந்தியாவுக்குக் கோழி வைத்த மகாராஜா மேக். உலக வங்கியும் வாங்கும் சக்தியை வைத்து ஒரு கணக்குப் போடுகிறது. சந்தையில் எண்பது ரூபாய்க்கு மேல் போகும் அமெரிக்க டாலர் அந்தக் கணக்கில் இருபது ரூபாய் சொச்சத்துக்குத்தான் பெறும். இதைப் படித்த வேகத்தில் நானும் ஓர் இட்லிக் குறியீடு தயாரித்தேன். சிங்கப்பூர் பக்கம் சுலபமாக நிரம்பியது. ஆவடி பக்கத்தில் இட்லியை அம்மாவே சுட்டார். அதற்கு என்ன விலை போடுவது? பூஜ்யம் போட்டேன்.

அந்தப் பூஜ்யத்தை நம்பித்தான் 2022-ல் ஊர் திரும்பினேன். அதற்கு முன் ஓர் எக்செல் தாள் போட்டேன். இரண்டு பத்தி, நாற்பது வரி. அங்கே வாடகை, இங்கே சொந்த வீடு, ஆகவே பூஜ்யம். மின்சாரத்துக்கு, 2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பதால், அம்மா கட்டிவந்த பில்லையே போட்டேன். தண்ணீருக்குக் கிணறு இருக்கிறது, பூஜ்யம். சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து, பட்ஜெட் வாசிக்கும் தோரணையில் மனைவியிடம் காட்டினேன். கடைசி வரிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, “ஏங்க, இதுல எங்க அக்கா பொண்ணு கல்யாணம் எங்க இருக்கு?” என்றாள்.

‘இதர செலவு, இரண்டாயிரம்’ என்ற வரியைக் காட்டினேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

வந்த வருஷம் ஆவணியில் மட்டும் எட்டுப் பத்திரிகை. சிங்கப்பூரில் இருந்தவரை என் பெயரில் அம்மா ஐந்நூற்று ஒன்று எழுதிவிடுவார், யாரும் எதுவும் கேட்டதில்லை. நேரில் வந்து நிற்கிற சிங்கப்பூர்க்காரன் ஐந்நூற்று ஒன்று எழுத முடியுமா? மொய் எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். கிணற்றுத் தண்ணீர் குளிக்க மட்டுந்தான் ஆகும் என்பதும் வந்த பிறகே தெரிந்தது. அங்கே குழாயில் பிடித்து அப்படியே குடித்தவர்கள், இங்கே இருபது லிட்டர் கேனுக்காகக் காலையில் வாசலில் காத்து நிற்கிறோம். மகளுக்கு ஏசி இல்லாமல் தூக்கம் வராது. முதல் மின்கட்டணம் வந்தபோது அம்மா அதை அப்பாவின் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

இவற்றையாவது மன்னிக்கலாம். ஊர் திரும்பியதும் பெருக்கல் போய் வகுத்தல் வந்ததே, அதற்கு மன்னிப்பில்லை. ஆட்டோக்காரர் நூற்றைம்பது என்றால் மனசு “இரண்டரை வெள்ளிதானே” என்னும். காய்கறிக்காரம்மா தேங்காய்க்கு என்ன சொன்னாலும் வெள்ளியில் அது சில்லறைதான். சம்பளம் ரூபாய்க்கு மாறி மூன்றில் ஒரு பங்காகிவிட்டதை மட்டும் வகுக்கவில்லை. 1955-ல் காங்கிரஸ் கூடி சோஷலிசப் பாணி சமுதாயத்துக்குத் தீர்மானம் போட்ட ஊர் இது. அதே ஊரில் கொத்தமல்லிக் கட்டை அந்நியச் செலாவணியில் வாங்கியவன் நான்.

உச்சம் கார். சிங்கப்பூரில் கார் வாங்குமுன், அதைப் பத்து வருஷம் வைத்திருக்கும் உரிமைக்கே ஏலத்தில் பணம் கட்ட வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கு அது ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தொட்டது என்று படித்தேன். அறுபதால் பெருக்கினேன். தொண்ணூறு லட்சம்! நல்லவேளை, தப்பித்தோம் என்று ஓர் ஆறுதல். அங்கே பதினோரு வருஷமும் ரயிலில் போனவன், கார் வாங்குவதைப் பற்றிக் கனவுகூடக் கண்டதில்லை. ஆனாலும் அந்தத் தொண்ணூறு லட்சம் மிச்சமானதாகவே பட்டது. மிச்சமான பணத்தில் ஒரு பகுதியை எடுத்து ஆவடியில் கார் வாங்கினேன். மிச்சம் மனசில், தவணை வங்கியில். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள அலுவலகத்துக்கு சி.டி.எச். ரோட்டில் ஊர்ந்து போகிறேன். மின்சார ரயிலில் போனால் ஐந்து ரூபாய்.

இவ்வளவு ஆன பிறகும் ஊரில் எனக்கு நிபுணன் என்று பெயர். போன வருஷம் பக்கத்துத் தெருப் பையனுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. “அண்ணா, அங்க மாசம் எவ்ளோ இருந்தா போதும்?” என்று வந்து நின்றான். பழைய எக்செல் தாளைத் தூசு தட்டி, விலைகளை ஒரு குத்துமதிப்பாக ஏற்றி அனுப்பிவைத்தேன். கூடவே அரை மணி நேரம் அறிவுரை.

இரண்டு மாதம் கழித்து அழைத்தான்.

“அண்ணா, உங்க ஷீட்ல முடிவெட்டுக்குப் பூஜ்யம்னு இருக்கே, அங்க யாராச்சும் சும்மா வெட்டி விட்டாங்களா?”

பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. “அதை விடு. அங்க இப்ப டீ எவ்ளோ?”

“ஒண்ணு அறுபதுண்ணா.”

“நூத்தி நாலு ரூபாயா!”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “இப்பதாண்ணா குடிச்சு முடிச்சேன்” என்றான்.