ஆணையத்தின் பொறுமை

மனித உரிமையின் அருமையை மக்களுக்கு எடுத்துச் சொல்வதில் தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்கு நிகர் இல்லை. குறும்படப் போட்டி வைத்துப் பரிசு தருகிறது. கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்கிறது. டிசம்பர் 10 வந்தால் டெல்லியில் விழா எடுக்கிறது. விழிப்புணர்வைப் பரப்பு என்று 1993ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது, பரப்புகிறது. உரிமை மீறலை விசாரி என்றும் அதே சட்டம் சொன்னது. ஆணையத்தின் பெருந்தன்மையை அங்கேதான் பார்க்க வேண்டும்.

பஞ்சாபில், அமிர்தசரஸ் மாவட்டத்துச் சுடுகாடுகள் மூன்றில் போலீசார் ரகசியமாக எரித்த 2,097 உடல்களின் விவகாரத்தை 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையத்திடம் ஒப்படைத்தது. ஆணையம் பதறவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்த மூன்று சுடுகாடுகளைத் தாண்டி ஓர் அடியும் வைக்காமல் கண்ணியம் காத்தது. பிள்ளையைத் தேடிய தாய்மார்கள் பலர் அதற்குள் கண்ணை மூடியிருப்பார்கள்; அவர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

வேகமும் ஆணையத்துக்குக் கைவந்த கலைதான். 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். ஆணையம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. மாநில அரசு அமைத்த விசாரணை ஆணையம் தன் வேலையை முடிக்கும் முன்பே, அக்டோபரிலேயே கோப்பை மூடிவிட்டது. ஐந்தே மாதம்! எங்கே நிதானம் வேண்டும், எங்கே வேகம் வேண்டும் என்பதை இத்தனை துல்லியமாக அறிந்த அமைப்பு வேறு எது?

போலீஸ் மீது வரும் புகாரை விசாரிக்கப் போலீஸ் அதிகாரிகளையே வைத்திருப்பது இன்னொரு சிறப்பு. வீட்டு விவகாரம் தெருவுக்கு வராது. இந்த அருமை புரியாத, தேசிய மனித உரிமை அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பு, 2023இலும் 2024இலும் ஆணையத்துக்குத் தரம் வழங்குவதைத் தள்ளிவைத்தது.

முன்பு எப்போதும் இப்படியே இருந்ததில்லை. 2002 கலவரத்தின்போது, அன்றைய ஆணையத் தலைவர் நீதிபதி வர்மா தலைமையில் குஜராத்துக்கே போய், மாநில அரசு தவறிவிட்டது என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டு, அதே கலவரத்தில் நடந்த கொலைகள் தொடர்பான பெஸ்ட் பேக்கரி வழக்குக்காக உச்ச நீதிமன்றப் படியேறினார்கள். அந்தப் படபடப்பெல்லாம் இப்போது அடங்கிவிட்டது.

புகார் கொடுக்க நினைப்பவர்கள் மட்டும் தாமதிக்காதீர்கள். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் விசாரிக்கக் கூடாது என்கிறது சட்டம். விசாரித்து முடிக்க ஆணையத்துக்கு அந்தச் சட்டம் கெடு எதுவும் வைக்கவில்லை.