ஆகாசத்துல போற நண்டு

வாடா பேராண்டி, இப்படி உட்காரு. வலைமேல கால் வைக்காதே. ஏரோப்பிளான் ஓட்டுற காலுன்னு வலைக்குத் தெரியாது, கிழிஞ்சிடும்.

உங்கம்மா சொன்னா. லண்டன்ல வேலைக்குப் போன புள்ள, ஞாயித்துக்கிழமையில துணி துவைப்பான், தூங்குவான்னு பார்த்தா, 45 மணி நேரம் பறந்து காட்டி லைசன்சு வாங்கிட்டானாம். இப்ப லீவு முடிஞ்சு போனதும் வாடகைக்கு ஒரு சின்ன ஏரோப்பிளானை எடுத்துக்கினு பிரான்சுக்குப் போறானாம். எதுக்குடான்னா மத்தியானச் சாப்பாட்டுக்கு! பாட்டி வெச்ச மடவைக் குழம்பைக் காரம்னு தள்ளி வெச்ச நாக்கு, சோறு தேடி கடல் தாண்டுதாம்.

போ, வேணாம்னு சொல்லல. வேணாம்னா இன்னிக்கே கிளம்பிடுவே. நம்ம வம்சம் அப்படி.

நடுவுல ஒரு தண்ணி இருக்கு, ஆங்கிலக் கால்வாய்னு பேருன்னே. நான் நம்ம பக்கிங்காம் கால்வாய் கணக்கா நினைச்சுக்கினேன். அதைத் தாண்ட ஏரோப்பிளான் எதுக்கு, லுங்கியைத் தூக்கிக் கட்டினாப் போதுமே! அதுவும் இது நம்ம பழவேற்காட்டுப் பேர்லயே உலகத்துக்குப் போன பாலையக்காட்டு லுங்கி. நீ விழுந்து விழுந்து சிரிச்சே. குறுகலான இடத்துலயே 33 கிலோமீட்டராம். அடப்பாவி, அப்ப அது கடலு. கடலுக்குக் கால்வாய்னு பேர் வெச்சவன் கரையில குந்திக்கினு வெச்சிருப்பான்.

1909 ஜூலை 25-ல பிளேரியோன்னு ஒரு பிரெஞ்சுக்காரன் அதை 37 நிமிஷத்துல தாண்டினான்னு செல்போன்ல படம் காட்டினே. கையில திசைகாட்டி கூட இல்லையாம், நடுவுல கொஞ்ச நேரம் எந்தக் கரையும் தெரியலையாம். அந்தச் சேதியைக் கேட்டு அப்பவே மெட்ராசுல ஒருத்தருக்கு ஆசை வந்துடுச்சு. டி ஏஞ்செலிஸ், கார்சிகா தீவுக்காரர், மவுண்ட் ரோட்டுல ஓட்டல் வெச்சிருந்தார். சிம்சன் கம்பெனியில சொல்லி ஒரு விமானம் கட்டி, 1910 மார்ச்சுல பல்லாவரத்துல பறந்து காட்டினார். அவர் ஓட்டல் நடத்திக்கினே பறந்தாரு. நீ பறந்து போயி ஓட்டல்ல சாப்பிடப் போறே. நூறு வருஷத்துல மனுசன் எவ்ளோ முன்னேறிட்டான் பார்!

நீ எறங்கப் போற லெ துக்கே ஊருக்கு வடக்கால, அதே கரையில ஹார்டெலோன்னு ஒரு கிராமம் இருக்காம். டாட்டா குடும்பத்துக்கு அங்க ஒரு வூடு. பக்கத்து வூட்டுக்காரன் யாரு? அதே பிளேரியோ. அந்தக் கடற்கரை மணல்லயே விமானம் எறங்குமாம். அதை வாய் பொளந்து பார்த்த பையன்தான் ஜே.ஆர்.டி. டாட்டா. 15 வயசுல அங்கயே ஒரு சுத்து ஏறிப் பறந்தவர், 1929 பிப்ரவரி 10-ல இந்தியாவுல நம்பர் 1 லைசன்சு வாங்கினார். 1932 அக்டோபர் 15-ல கராச்சியிலருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையைத் தானே ஓட்டிக்கினு வந்தார். அங்கருந்து மெட்ராசு வரைக்கும் நெவில் வின்சென்ட்னு அவரு கூட்டாளி கொண்டாந்தாரு. மணல்ல உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற புள்ளைங்களை இதைக் கேட்டதுலருந்து நான் திட்டுறதில்ல. உன் மாமனைத் தவிர. அவன் அம்பது வயசாகியும் வேடிக்கை மட்டும்தான் பார்க்கிறான்.

பொம்பளைங்க லேசுப்பட்டவங்கன்னு நினைச்சுக்காதே. 1951-ல மெட்ராசு கவர்மெண்டு வாங்கின டவ் விமானத்தை உஷா சுந்தரமும் அவங்க வூட்டுக்காரரும் இங்கிலாந்துலருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்துல ஓட்டியாந்தாங்க. உன் பாட்டி அப்ப பொறந்திருந்தா எனக்கு வாக்கப்பட்டிருக்க மாட்டா. சத்தமா சொல்லாதே, கேட்டுடும்.

சரி, தொழிலுக்கு வா. காத்து குறுக்கால அடிச்சா இன்னா பண்ணுவேன்னு கேட்டதுக்கு, மூக்கைக் காத்துப் பக்கம் திருப்பி வெச்சுக்கினு பக்கவாட்டுலயே போயி ஓடுபாதையைப் பிடிப்பேன்னே. அதுக்கு இங்கிலீஷ்ல இன்னா பேருன்னேன். தலையைச் சொறிஞ்சுக்கினு, நண்டுன்னே!

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, சிரிச்சு சிரிச்சு. பழவேற்காட்டுல பொறந்து, சேத்துல நண்டு பிடிச்சு வளர்ந்தவன், லட்சக்கணக்குல துட்டு கட்டி வெள்ளைக்காரங்கிட்ட நண்டு நடை கத்துக்கினு வந்திருக்கான். பாயைக் கட்டிக்கினு முகத்துவாரத்துக்கு வரும்போது நீரோட்டம் தெக்கால இழுத்தா, நாங்க வடக்கால பார்த்துத்தானே விடுவோம்? போக வேண்டிய இடத்தைப் பார்த்து மூக்கை வெச்சா போக வேண்டிய இடம் கிடைக்காது. இதுக்கு ஒரு சர்டிபிகேட்டு, அதுல ஒரு முத்திரை!

காத்துக்குக்கூட அப்படித்தான். வாடை, கொண்டல், கச்சான்னு நாங்க பேர் வெச்சிருக்கோம். உங்காளுங்க 240-ன்னு டிகிரி சொல்றாங்க. ரெண்டுலயும் காத்து எங்கருந்து வருதுன்றதுதான் கணக்கு. எங்களுது கூப்பிடற பேரு, உங்களுது ரேசன் கார்டு நம்பரு.

ஒண்ணு மட்டும் எனக்கு வயித்தைக் கலக்குது. எங்க படகுல இஞ்சின் நின்னா மிதக்கும். பீடி பத்த வெச்சுக்கினு அடுத்த படகு வரைக்கும் குந்தியிருக்கலாம். உன் வண்டி நின்னா? ஆயிரம் அடி உசரத்துக்கு ஒண்ணரை நாட்டிகல் மைலு சறுக்கும்னே. அப்ப நானே விரலை மடக்கிப் பார்த்தேன். 33 கிலோமீட்டர்னா சுமார் 18 மைலு, நட்ட நடுவுல இருந்தா கரைக்கு 9 மைலு. 6,000 அடியில இருந்தாத்தான் ஏதோ ஒரு கரைக்குத் தொட்டுக்கோ தொடைச்சுக்கோன்னு வருவே, அதுவும் காத்து எதுக்காம இருந்தா. ஆக மீன் பார்க்கிற ஆசையில கீழ எறங்கிப் பறக்காதே. மீன் நான் காட்டுறேன். லைப் ஜாக்கெட்டைச் சீட்டுக்கு அடியில வெக்காம உடம்புல மாட்டிக்கோ.

கெட்ட நேரத்துல ரேடியோவுல ‘மேடே’ மூணு தபா சொல்லணுமாம். எங்க வி.எச்.எப். பெட்டியிலயும் அதே வார்த்தைதான். எனக்கு உதவு-ன்ற பிரெஞ்சுப் பேச்சுலருந்து வந்ததாமே. லண்டன் பக்கத்துல குராய்டனுக்கும் பாரீசுக்கும் அப்பல்லாம் விமானம் நிறையப் போய்வந்ததால, ரெண்டு பக்கத்தானுக்கும் புரியட்டும்னு வெச்சாங்களாம். இங்க நாங்க ‘ஏ மாமோவ்’னு கத்துவோம். அதுவும் ரெண்டு பக்கத்துக்கும் புரியும்.

அதுல பாரு, பிரான்சுல சின்ன மைதானங்கள்ல கண்ட்ரோல் ஆளே கிடையாதாம். வர்றவன் தான் எங்க இருக்கேன், எங்க திரும்புறேன்னு தானே ரேடியோவுல சொல்லிக்கினே எறங்கணும். சில இடத்துல பிரெஞ்சு மட்டும்தானாம். உன் தமிழே பாதி இங்கிலீசு. ஒண்ணு செய். பாண்டிச்சேரியில நம்ம சின்னம்மா வூட்டுத் தெருவுல பிரெஞ்சுப் பட்டாளத்து பென்சன் வாங்குற சொல்தா கிழவனுங்க இருப்பானுங்க. ரெண்டு நாள் அவங்க திண்ணையில போய் உட்காரு. திசை கத்துக்கறியோ இல்லியோ, திட்டு நல்லாக் கத்துப்பே.

முதல்ல சுங்கம், பாஸ்போர்ட்டு பார்க்கிற மைதானத்துல எறங்கி, அப்பால மத்த இடம். அதுல சலிச்சுக்காதே. டச்சுக்காரன்கூட விஜயநகர ராஜாவைக் கேட்டுக்கினுதான் நம்ம கரையில கடை போட்டான். 1613-ல ஜெல்ட்ரியா கோட்டை கட்டினான். இப்ப அவன் கல்லறைக்கு ஆடு மேய்ச்சலுக்குப் போகுது.

போறதுக்கு முன்னாடி எத்தனை பேரு, எத்தனை நேரத்துக்கு எண்ணெய்னு பிளைட் பிளான் எழுதித் தரணுமாம். நல்ல பழக்கம். நாங்க பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுப் போவோம். உங்க ஆபீசைவிட அவ சீக்கிரமாத் தேடுவா, எண்ணெய்க் கணக்கும் சரியாக் கேப்பா. எண்ணெய்ன்னதும் ஞாபகம் வருது: கிளம்புறப்ப டேங்கு அடியிலருந்து கொஞ்சம் பிடிச்சுத் தண்ணி கலந்திருக்கான்னு பார்ப்பியே, அதை மட்டும் விடாதே. டீசல்ல தண்ணி கலந்து நடுக்கடல்ல குந்தினவன் சொல்றேன். அப்பால உன் கார்புரேட்டர்ல தானா ஐஸ் பிடிக்குமாமே, வெயில் நாள்லகூட, ஈரக்காத்துல? நாங்க மீனுக்கு ஐஸ் வாங்கக் காலையில வரிசையில நிக்குறோம். உன் வண்டி ஓசியில போட்டுக்குது. கார்புரேட்டர்ல ரெண்டு மடவையை வெச்சுட்டா கெடாம போய்ச் சேரும்.

மேகம் கீழ எறங்குச்சுன்னா திரும்பிடு. சிநேகிதங்க சாப்பாட்டுக்கு மேசை போட்டு வெச்சிருக்காங்க, காசு கட்டியாச்சுன்னு மூக்கை நீட்டாதே. ஸ்ரீஹரிகோட்டாவுல, அதோ வடக்கால, 1979 ஆகஸ்ட் 10-ல விட்ட முதல் பெரிய ராக்கெட்டு கடல்லதான் விழுந்துச்சு. அவ்ளோ படிச்சவங்க அன்னிக்குச் சாயங்காலமே இன்னொண்ணு விடறேன்னு கிளம்பினாங்களா? 1980 ஜூலை 18 வரைக்கும் உட்கார்ந்து யோசிச்சாங்க, அப்பால விட்டாங்க, ஏறிடுச்சு. நீ ஒரு சாப்பாட்டைத் தள்ளிப் போட மாட்டியா?

அந்தா பார், ஏரியில பூநாரைக் கூட்டம். கிளம்புது பார்த்தியா? அந்த ஒல்லிக் கால வெச்சுக்கினு தண்ணிமேல தடதடன்னு ஓடி, காத்துக்கு எதுக்க ஓடித்தான் எழும்பும். லைசன்சு கேட்டதில்ல, வாடகை கேட்டதில்ல. ஆனா ஒண்ணு, அதுங்க மதியச் சாப்பாட்டுக்கு நம்ம ஊருக்குத்தான் வருதுங்க.

கொஞ்சம் கிட்ட வா. நீ என்னிக்காவது இந்தப் பக்கம் ஓட்டுவியா? நம்ம நாட்டுல பறக்குற அனுமதிக்கு அந்த நம்பர், இந்த நம்பர்னு கேட்டு வாங்கணும், ராக்கெட்டு விடற நாள்ல எங்களுக்குக் கடலும் உனக்கு ஆகாசமும் மூடிடுவாங்க, தெரியும். ஆனா மத்த நாள்ல எப்பவாவது கிடைச்சா, மேலருந்து முகத்துவாரத்தை நல்லாப் பாரு. மணல் எங்க மேடு தட்டியிருக்கு, தண்ணி எந்தப் பக்கமா கீறிக்கினு போவுதுன்னு. எனக்கு மட்டும் சொல்லு. அடுத்த முறை வலை போடுறவனுக்கும், உன் மாமனுக்கும் மூச்சு விடாதே.

பாட்டி வரா. வலையைக் கையில எடுத்துக்கோ. இறா விலை பேசுற மாதிரி மூஞ்சியை வெச்சுக்கோ.